இறங்கும் முன்பே அடுத்த டிக்கெட்

மயாமியிலிருந்து கிளம்பி ஏழு நாள் கரீபியன் கடலைச் சுற்றி வரும் ஒரு கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறாவது நாள் எந்தத் துறைமுகமும் கிடையாது, முழுக்கக் கடல்தான். நீச்சல் குளத்தில் இடம் பிடிக்க ஒரு கூட்டம், சாப்பாட்டுக் கூடத்தில் இன்னொரு கூட்டம். மூன்றாவதாக ஒரு கூட்டம், லாபிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மேஜைக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கும். அங்கே சாப்பாடும் இல்லை, சூதாட்டமும் இல்லை. அடுத்த வருடக் கப்பல் டிக்கெட் விற்கிறார்கள்!

இந்தப் பயணம் இன்னும் முடியவில்லை, பெட்டி கட்டவில்லை, வாங்கின காப்பிக்கும் மசாஜுக்கும் எவ்வளவு பில் வரும் என்று கூடத் தெரியாது. அதற்குள் அடுத்த பயணத்துக்கு முன்பணம். ராயல் கரீபியன் இந்த மேஜைக்கு 'நெக்ஸ்ட் குரூஸ்' என்று பெயர் வைத்திருக்கிறது. நார்வீஜியன் நிறுவனம் அதையே திருப்பிப் போட்டு 'குரூஸ் நெக்ஸ்ட்' என்கிறது. பிரின்சஸ், ஹாலந்து அமெரிக்கா, டிஸ்னி என்று பெரிய கம்பெனிகள் எல்லாவற்றிலும் இது உண்டு.

இது பயணிக்கு லாபமா, கம்பெனிக்கு லாபமா? இரண்டு பேருக்கும் லாபம் என்றால் சந்தோஷம். ஆனால் கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால், இரண்டு தட்டும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை என்று தெரிகிறது.

மேஜையில் என்ன தருகிறார்கள்?

முதலில் நியாயமாகப் பேசிவிடலாம். அந்த மேஜையில் கிடைக்கும் சலுகைகள் பொய் இல்லை.

பிரின்சஸ் கப்பல்களில் பல வருடங்களாக நடக்கும் முறை இது: ஆளுக்கு 100 டாலர் கட்டினால் போதும். எந்தக் கப்பல், எந்தத் தேதி என்று அப்போதே சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். அதோடு அடுத்த பயணத்தின்போது கப்பலுக்குள் செலவழிக்க ஒரு தொகையைக் கிரெடிட்டாகத் தருவார்கள்.

டிஸ்னியில் 250 டாலர் கட்டி ஓர் 'இடம்' பிடித்து வைக்கலாம். இரண்டு வருடத்துக்குள் பயணத்தை முடிவு செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி (சில பயணங்களுக்கு இது பொருந்தாது). டிஸ்னி கப்பல் டிக்கெட் விலை தெரிந்தவர்களுக்கு அந்த 10 சதவீதத்தின் கனமும் தெரியும்.

இன்னும் சில இடங்களில் குறிப்பிட்ட கப்பல், தேதி, கேபின் எல்லாவற்றையும் அங்கேயே முடிவு செய்து பதிவு செய்யலாம். விலை குறைவாக வேண்டுமென்றால் 'முன்பணம் திரும்பக் கிடைக்காது' என்ற வகையை எடுக்க வேண்டும். ராயல் கரீபியனில் அந்த வகையை எடுத்துவிட்டுப் பிறகு கப்பலையோ தேதியையோ மாற்றினால் ஆளுக்கு 100 டாலர் மாற்றுக் கட்டணம் பிடிப்பார்கள்.

ஆக, மேஜை ஒன்றுதான். ஆனால் அதன் மேல் இரண்டு விதமான சரக்கு இருக்கிறது. ஒன்று, 'வருவேன் என்று நினைக்கிறேன்' என்று சொல்லிக் கட்டும் பணம். மற்றொன்று, 'வந்தே தீருவேன்' என்று சத்தியம் செய்து கட்டும் பணம். இரண்டையும் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் அதே ஆள்தான், அதே சிரிப்போடு விற்கிறார். சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

பேலன்ஸ் ஷீட்டில் அந்தப் பணம்

பி.காம் முதல் வருடம் தாண்டிய எவருக்கும் இந்த ஜர்னல் என்ட்ரி தூக்கத்தில் கூட வரும். வாடிக்கையாளர் முன்பணம் கட்டினால் கேஷ் டெபிட், வாடிக்கையாளர் முன்பணம் கிரெடிட். அது வருமானம் இல்லை, பொறுப்பு. கப்பல் ஓடி முடிந்தால்தான் அது வருமானமாக மாறும். அதுவரை கம்பெனி பயணிக்குக் கடன்பட்டிருக்கிறது.

ஆனால் எப்பேர்ப்பட்ட கடன்! வட்டி கிடையாது. ஜாமீன் கிடையாது. வங்கி மேலாளர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. கடன் கொடுப்பவரே ஹவாய் சட்டை போட்டுக்கொண்டு வரிசையில் வந்து நின்று, 'எவ்வளவு கட்டணும்?' என்று கேட்பார் :-)

தொகை சின்னது என்று நினைக்க வேண்டாம். உலகின் மிகப் பெரிய குரூஸ் நிறுவனமான கார்னிவல் கார்ப்பரேஷன் 2023 நவம்பர் 30 அன்று வைத்திருந்த வாடிக்கையாளர் முன்பணம் 640 கோடி டாலர். ஒரு வருடம் கழித்து, 2024 நவம்பர் 30 அன்று அது 680 கோடி டாலர். இதெல்லாம் கப்பல் மேஜையில் மட்டும் வந்த பணம் அல்ல. வீட்டிலிருந்தும் ஏஜென்ட் மூலமும் பதிவு செய்தவர்களின் பணமும் சேர்ந்ததுதான். ஆனாலும் அந்தக் குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால்களில் மேஜையும் ஒன்று.

வட்டியில்லாத பணத்தின் அருமை வட்டி கட்டும்போதுதான் தெரியும். 2020 ஏப்ரலில் கப்பல்கள் எல்லாம் நின்றுபோய்க் கையில் காசு இல்லாமல் திண்டாடியபோது, இதே கார்னிவல் 400 கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிட்டது. வட்டி வருடத்துக்கு 11.5 சதவீதம். கப்பல்களையே அடகு வைத்துங்கூட அந்த வட்டி. முதலீட்டுச் சந்தை 11.5 சதவீதம் கேட்ட இடத்தில் பயணி கேட்பது பூஜ்யம் சதவீதமும் ஒரு காக்டெய்லுக்கான கிரெடிட்டும்தான்.

அந்தக் கிரெடிட்டையும் பார்த்துவிடலாம். 100 டாலர் கிரெடிட் என்றால் கம்பெனிக்கு 100 டாலர் செலவு என்று அர்த்தமில்லை. அதைக் கப்பலுக்குள்தான் செலவழிக்க முடியும். அங்கே ஒரு கிளாஸ் ஒயினின் விற்பனை விலை வேறு, அடக்க விலை வேறு. கார்னிவலின் 2019 கணக்கில் மொத்த வருமானம் சுமார் 2,080 கோடி டாலர். அதில் டிக்கெட் மூலம் வந்தது சுமார் 1,410 கோடி. கப்பலுக்குள் செய்யும் செலவும் அதைச் சார்ந்த இனங்களுமாக வந்தது சுமார் 633 கோடி. அதாவது பத்து டாலர் வருமானத்தில் மூன்று டாலர், பயணி ஏறின பிறகு அவர் பையிலிருந்து எடுத்தது. கிரெடிட் என்பது அந்தக் கடைக்குள் போகக் கொடுக்கும் நுழைவுச் சீட்டு. 100 டாலர் கிரெடிட் வைத்திருப்பவர் சரியாக 100 டாலரோடு நிறுத்திக்கொள்வாரா? தீபாவளிக்குக் கூப்பன் கையில் இருக்கிறது என்று துணிக்கடைக்குப் போனவர்களைக் கேளுங்கள்.

சந்தோஷத்தில் எடுக்கும் முடிவு

'கம்பெனி லாபம் பார்த்தால் பார்க்கட்டும், பயணிக்கும் நல்லதுதானே?' என்று கேட்கலாம். அது பயணி எடுக்கும் முடிவின் தரத்தைப் பொறுத்தது.

பசியோடு மளிகைக் கடைக்குப் போகாதே என்று பாட்டிமார் சொல்வார்கள். பசியில் வாங்கும் நொறுக்குத்தீனி வீட்டுக்கு வந்து சாப்பிட்ட பிறகு அலமாரியில் தூங்கும். இதைப் பொருளாதாரத்தில் ஒரு கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். ஜார்ஜ் லோவன்ஸ்டீன், டெட் ஓடானஹியூ, மேத்யூ ரேபின் மூவரும் 2003-ல் எழுதிய கட்டுரையில் இதற்கு 'புரொஜக்ஷன் பயாஸ்' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால், இப்போது இருக்கும் மனநிலைதான் பிறகும் இருக்கும் என்று மனிதர்கள் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கேட்டலாக் பார்த்துத் துணி வாங்குபவர்களின் ஆர்டர்களை வைத்து 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. குளிர் அதிகமான நாட்களில் ஆர்டர் செய்த குளிர்கால உடைகள், பிறகு திருப்பி அனுப்பப்படும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. குளிரில் நடுங்கிக்கொண்டு வாங்கினார்கள், வெயில் வந்ததும் வேண்டாம் என்றார்கள். 2015-ல் அமெரிக்காவின் 4 கோடிக்கும் மேற்பட்ட வாகன விற்பனைகளை வைத்துச் செய்த இன்னொரு ஆய்விலும் அதே கதைதான். வெயிலடிக்கும் நாளில் கூரை திறக்கும் கார்கள் கூடுதலாக விற்கின்றன. கார் பல வருடம் ஓட்டுவது, வெயிலோ அன்று ஒருநாள் அடிப்பது!

இப்போது கப்பல் மேஜையை நினைத்துப் பாருங்கள். ஆறு நாளாகச் சமையல் இல்லை, பாத்திரம் இல்லை, பாஸ் இல்லை. படுக்கையை வேறொருவர் தட்டிப் போடுகிறார். ஜன்னலுக்கு வெளியே நீலக் கடல். மனிதனின் வருடத்தில் இருக்கும் 365 நாளில், 'இன்னொரு தடவை வரலாமா?' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்ற பதில் வர வாய்ப்பே இல்லாத ஒரு நாளைப் பொறுக்கி எடுத்து அன்றைக்குக் கேட்கிறார்கள்.

பணம் கட்டுவதும் வலிக்காது. கப்பலில் ரொக்கம் கிடையாது. அறைச் சாவியாக இருக்கும் அட்டையே பர்ஸ். முன்பணம் அந்தக் கணக்கில் ஏறி, கடைசி நாள் பில்லில் ஒயினுக்கும் ஒயிலான புகைப்படங்களுக்கும் நடுவே ஒரு வரியாக வந்து நிற்கும். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கம்பெனியின் மேஜை பக்கத்தில் இருக்காது. நடுக்கடலில் போட்டியாளர் கடை போட முடியாது. 'வீட்டுக்குப் போய் யோசித்துச் சொல்கிறேன்' என்றால், 'இந்தச் சலுகை கப்பலில் இருக்கும்வரைதான்' என்ற பதில் தயாராக இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

கற்பனையாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தம்பதி, அடுத்த வருடப் பயணத்துக்கு 500 டாலர் முன்பணம் கட்டுகிறார்கள். திரும்பக் கிடைக்காத வகை. கிடைக்கும் கிரெடிட் 100 டாலர். பயணத்துக்கு இன்னும் 14 மாதம் இருக்கிறது.

அந்த 500 டாலர் வங்கியில் 5 சதவீத வட்டிக்கு இருந்திருந்தால் 14 மாதத்தில் சுமார் 29 டாலர் வந்திருக்கும். ஆக, அவர்கள் நிச்சயம் போகிறார்கள் என்றால் 100 கழித்தல் 29, நிகர லாபம் 71 டாலர். நல்ல டீல். மறுப்பதற்கில்லை.

ஆனால் நிச்சயம் என்பது எவ்வளவு நிச்சயம்? பத்தில் ஒரு பங்கு போக முடியாத வாய்ப்பு இருந்தால்: 90 டாலர் எதிர்பார்ப்பு லாபம், 50 டாலர் எதிர்பார்ப்பு நஷ்டம், 29 டாலர் வட்டி. மிச்சம் வெறும் 11 டாலர். ஐந்தில் ஒரு பங்கு என்றால்: 80 கழித்தல் 100 கழித்தல் 29. நஷ்டம் 49 டாலர். ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சந்தேகம் இருந்தாலே இந்த டீல் கவிழ்ந்துவிடுகிறது.

எழுபது வயதில் இருப்பவர், அடுத்த பதினான்கு மாதத்தில் உடம்பு ஒத்துழைக்காமல் போகும் வாய்ப்பு எட்டில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்ல முடியுமா? வேலையில் நிரந்தரம் இல்லாதவர்? மகளுக்குப் பிரசவத் தேதி குறித்திருப்பவர்? வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவை ஒரு வாரம் மட்டும் யாரிடமோ விட்டுவிட்டு வந்திருப்பவர்? இவர்கள் யாரும் ஏமாளிகள் இல்லை. வீட்டில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்தால் இதெல்லாம் அவர்களுக்கே ஞாபகம் வரும். கப்பலில் காலண்டர் இல்லை, அவ்வளவுதான்.

வருடத்துக்கு மூன்று தடவை கப்பல் ஏறும் வசதி படைத்தவருக்கு இந்த மேஜை உண்மையிலேயே லாபம். ஒன்று தவறினால் இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்வார். ஐந்து வருடம் சேர்த்து ஒரு தடவை வந்தவருக்குத்தான் இது ஆபத்து. நல்ல சலுகை யாருக்கு அதிகம் பயன்படுகிறது, கெட்ட நிபந்தனை யாரை அதிகம் அடிக்கிறது என்று பார்த்தால், வழக்கம்போல மேட்டுக்கே தண்ணீர் பாய்கிறது.

கப்பல் கம்பெனியே கவிழ்ந்தால்?

இதுவரை சொன்னதெல்லாம் பயணியால் போக முடியாவிட்டால் என்ன ஆகும் என்பது. கம்பெனியால் ஓட்ட முடியாவிட்டால்?

2020 மார்ச் 14 அன்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கப்பல் பயணங்களுக்குத் தடை போட்டது. அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து கட்டணப் பயணிகளோடு பெரிய கப்பல் மறுபடி கிளம்ப 2021 ஜூன் வரை ஆனது. அந்த நேரத்தில் பல கம்பெனிகள் பயணிகளிடம் ஒரு கேள்வி வைத்தன: கட்டின பணம் அப்படியே திரும்ப வேண்டுமா, அல்லது 125 சதவீத மதிப்பில் அடுத்த பயணத்துக்கான கிரெடிட் வேண்டுமா? 25 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க முன்வருகிறார்கள் என்றால், கையில் இருக்கும் ரொக்கம் அவர்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று புரிந்துகொள்ளலாம். பெரிய கம்பெனிகள் தப்பிப் பிழைத்தன, கிரெடிட் எடுத்தவர்களும் பிறகு பயணம் போனார்கள். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

கிரிஸ்டல் குரூசஸ் மிக ஆடம்பரமான நிறுவனம். அதன் தாய் நிறுவனமான கென்டிங் ஹாங்காங் 2022 ஜனவரியில் திவால் நிலைக்குப் போனது. அதே மாதம் கிரிஸ்டல் சிம்பனி என்ற கப்பல் மயாமிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. எரிபொருள் பாக்கிக்காக ஒரு நிறுவனம் போட்ட வழக்கில், கப்பலைப் பிடித்து வைக்க அமெரிக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. கப்பல் மயாமிக்குப் போகாமல் பஹாமாஸில் இருக்கும் பிமினிக்குத் திருப்பிவிடப்பட்டது. பயணிகளைப் படகில் ஏற்றி ஃபுளோரிடாவுக்கு அனுப்பினார்கள். கிரிஸ்டல் நிறுவனத்தின் சொத்துகள் கடன்காரர்களுக்காக ஓர் அறங்காவலர் கைக்குப் போயின. அடுத்தடுத்த பயணங்களுக்குப் பணம் கட்டியிருந்தவர்கள், எண்ணெய் விற்றவர்களோடும் சரக்கு சப்ளை செய்தவர்களோடும் சேர்ந்து வரிசையில் நின்று 'எனக்கும் வரவேண்டியது இருக்கிறது' என்று மனு போட வேண்டியதாயிற்று.

வாடிக்கையாளர் முன்பணம் ஒரு கடன் என்று ஜர்னல் என்ட்ரி சொன்னது இதைத்தான். பயணி தன்னை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டிருப்பார். பேலன்ஸ் ஷீட் அவரை ஜாமீன் இல்லாத கடன்காரர் என்று எழுதி வைத்திருக்கும்.

அமெரிக்காவில் ஓரளவு பாதுகாப்பு இருக்கிறது. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பயணிகளுக்குப் படுக்கை வசதி உள்ள கப்பல்களை அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஓட்டும் நிறுவனங்கள், பயணம் நடக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர வழி இருக்கிறது என்று ஃபெடரல் மேரிடைம் கமிஷனிடம் ஆதாரம் காட்ட வேண்டும். ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2015-ல்தான் அது 3 கோடி டாலராக உயர்ந்தது. நூற்றுக்கணக்கான கோடி முன்பணம் புரளும் தொழிலில் இந்த வரம்பு யானைப் பசிக்குச் சோளப்பொரி.

'இதெல்லாம் ஃபுளோரிடா கதை, நமக்கென்ன?' என்று தோன்றலாம். ஜலேஷ் குரூசஸ் என்ற இந்திய நிறுவனம் 2019-ல் கர்னிகா என்ற கப்பலை மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கி, 2020-ல் கடையை மூடியது. கப்பல் உடைப்பதற்கு அலாங் போய்ச் சேர்ந்தது. 2022 ஜூனில் கார்டெலியா நிறுவனத்தின் எம்பிரஸ் சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. அது ராயல் கரீபியனில் ஓடிய கப்பல்தான், 1990-ல் கட்டியது. அங்கிருந்து கப்பல் வந்ததுபோல, அங்கிருக்கும் விற்பனை முறைகளும் இங்கே வர ரொம்ப நாள் ஆகாது. விதிகளை முன்கூட்டியே யோசித்து வைப்பதில் தப்பில்லை.

பதினைந்து நாள் கேட்டால் என்ன?

இந்த மேஜையை மூட வேண்டும் என்பது இங்கே வாதம் இல்லை. விற்கட்டும். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய நாளிலிருந்து 15 நாளுக்குள், எந்தக் காரணமும் சொல்லாமல், எந்தப் பிடித்தமும் இல்லாமல் ரத்து செய்யும் உரிமை பயணிக்கு வேண்டும். எல்லா வகை முன்பணத்துக்கும், 'திரும்பக் கிடைக்காது' என்று அச்சடித்த வகைக்கும் சேர்த்து.

இது வானத்திலிருந்து குதித்த யோசனை இல்லை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசி வாங்கியவர்களுக்கு 'ஃப்ரீ லுக்' காலம் தெரிந்திருக்கும். பாலிசி கைக்கு வந்த பிறகு படித்துப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தியாவில் 15 நாளாக இருந்த அந்தக் காலத்தைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024-ல் 30 நாளாக்கியது. ஏஜென்ட் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பேசும் பேச்சில் எடுக்கும் முடிவை ஆற அமர மறுபரிசீலனை செய்ய ஒரு வாய்ப்பு வேண்டும் என்பதுதான் அதன் நியாயம்.

அமெரிக்க விமானங்களுக்கும் ஒரு விதி உண்டு. பயணத்துக்கு ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது டிக்கெட் எடுத்தால், 24 மணி நேரம் வரை விலையைப் பிடித்து வைக்கவோ அல்லது அபராதமில்லாமல் ரத்து செய்யவோ விமான நிறுவனம் அனுமதிக்க வேண்டும்.

இதையெல்லாம் விட நெருக்கமான உதாரணம் ஐரோப்பாவின் 'டைம்ஷேர்' விற்பனை. கடற்கரை ஓட்டலில் விடுமுறையில் இருப்பவர்களை உட்கார வைத்து, கையில் ஒரு பானத்தைக் கொடுத்து, வருடா வருடம் இதே இடத்துக்கு வரலாம் என்று விற்கும் தொழில் அது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் அதற்கு ஒரு சட்டம் கொண்டுவந்தது: வாங்கியவர் 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் விலகலாம், அந்த 14 நாள் முடியும்வரை விற்பவர் முன்பணமே வாங்கக் கூடாது. விடுமுறையில் இருப்பவரிடம் அடுத்த விடுமுறையை விற்பது தனி ரகம் என்று ஒரு கண்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது. ஓட்டலுக்குப் பொருந்தும் நியாயம் கப்பலுக்குப் பொருந்தாமல் போவதற்கு, தண்ணீரில் மிதக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா?

எதிர்வாதங்கள்

'சலுகையை எடுத்துக்கொண்டு எல்லோரும் ரத்து செய்துவிட்டால் கம்பெனி என்ன செய்யும்?' ரத்து செய்தால் சலுகையும் போய்விடும், கம்பெனிக்கு என்ன நஷ்டம்? ஒரு வருடத்துக்கும் மேல் இருக்கும் பயணத்தில் ஒரு கேபின் 15 நாள் கழித்துத் திரும்பி வந்தால் அதை மறுபடி விற்க ஏகப்பட்ட நேரம் இருக்கிறது. தவிர, வீட்டுக்குப் போன பிறகு பாதிப் பேர் மனம் மாறுவார்கள் என்று கம்பெனி பயப்பட்டால், அவர்களிடம் விற்றது பயணம் இல்லை, மயக்கம் என்று அதுவே வாக்குமூலம் கொடுக்கிற மாதிரி.

'வயது வந்தவர்கள், படித்துப் பார்த்துத்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்?' பாலிசி எடுப்பவரும் வயது வந்தவர்தான், டைம்ஷேர் வாங்குபவரும் வயது வந்தவர்தான். சட்டம் அவர்களைக் குழந்தையாக நினைக்கவில்லை. விற்கும் இடமும் நேரமும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்போது, யோசிக்க இன்னொரு இடமும் நேரமும் கொடுக்கிறது, அவ்வளவே.

'செலவு கூடும், சலுகை குறையும்.' கொஞ்சம் குறையலாம். ஆனால் தேதி குறிக்காமல் சின்னத் தொகை மட்டும் வாங்கும் பிரின்சஸ், டிஸ்னி முறைகள் பல வருடமாக ஓடிக்கொண்டுதானே இருக்கின்றன? பயணியைக் கட்டிப்போடாமலும் சலுகை கொடுக்க முடியும் என்பதற்கு அவையே சாட்சி.

அதுவரைக்கும்...

சட்டம் வரும்போது வரட்டும். அதற்குள் அந்த மேஜைக்கு முன்னால் நிற்க நேர்ந்தால், கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள் கேட்கலாம்:

1. இந்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா? எந்தத் தேதி வரை? அது எழுத்தில் எங்கே இருக்கிறது?

2. தேதியை மாற்றினால் ஆளுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள்?

3. கிரெடிட்டை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம்? மிச்சமிருந்தால் பணமாகக் கிடைக்குமா?

4. பதிவு செய்த பிறகு அதே கேபின் விலை குறைந்தால் வித்தியாசம் தருவீர்களா?

5. முதல் பயணத்தை ஏற்பாடு செய்த ஏஜென்ட் பெயரிலேயே இதையும் போட முடியுமா? (பெரும்பாலான கம்பெனிகளில் முடியும். கேட்காவிட்டால், ஊரில் போனை எடுத்துப் பேசும் அந்தச் சின்ன ஏஜென்ட்டின் கமிஷன் கடலோடு போய்விடலாம். நாளைக்குச் சிக்கல் வந்தால் பயணிக்காகப் பேசப் போவதும் அவர்தான்.)

இந்த ஐந்துக்கும் தெளிவான பதில் வந்தால், தாராளமாகக் கட்டலாம். திரும்பக் கிடைக்கும் சின்ன முன்பணம் என்றால் யோசிக்கவே வேண்டாம், அது நல்ல சலுகை. திரும்பக் கிடைக்காத பெரிய தொகை என்றால், அந்த 'எட்டில் ஒன்று' கணக்கை ஒரு தடவை மனதுக்குள் போட்டுப் பார்க்கலாம். மனதுக்குள் வராவிட்டால் கால்குலேட்டர் போனிலேயே இருக்கிறது.

ஒரு பயணம் உண்மையிலேயே நன்றாக இருந்ததா என்பதற்கு எளிமையான பரிசோதனை ஒன்று உண்டு. வீட்டுக்கு வந்து, துணி துவைத்து, கிரெடிட் கார்டு பில்லைப் பார்த்து, திங்கட்கிழமை வேலைக்கும் போன பிறகு, 'மறுபடி போகலாம்' என்று தோன்றுகிறதா? தோன்றினால் அந்தப் பயணம் பாஸ். நல்ல கப்பல் ஓட்டும் கம்பெனி இந்தப் பரீட்சைக்குப் பயப்பட வேண்டியதில்லை. கேள்வியை ஆறாம் நாள் கேட்பதை விட்டுவிட்டு, இருபதாம் நாளும் ஒரு தடவை கேட்கட்டும். அப்போதும் 'சரி' என்று சொல்பவர்தான் உண்மையான வாடிக்கையாளர்.